குப்பைமேட்டில் கேக்

"குப்பையெல்லாம் ஒரு செய்தியாடா? தலைவர் வந்தாத்தான் பேப்பர்ல படம் வரும், போ," என்று விரட்டினார் நிருபர் வேதமுத்து.

நாங்கள் கபடி ஆடும் மைதானத்தில் பேரூராட்சியே குப்பை கொட்டுகிறது. அடுத்த வாரம் போட்டி. இடமில்லை என்றால் ரத்து.

"அப்போ தலைவரையே வரவைக்கிறேன் சார்," என்றேன்.

வெள்ளிக்கிழமை பேரூராட்சித் தலைவருக்குப் பிறந்தநாள். மைதானத்தில் கேக் வெட்டுகிறார் என்று ஊர் முழுக்க நோட்டீஸ் கொடுத்துவிட்டோம். கூடிய கூட்டத்தைக் கேள்விப்பட்டு வராமல் இருப்பாரா? வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டே வெட்டினார். வேதமுத்து படம் எடுத்தார்.

மறுநாள் பேப்பரில் மாலையோடு தலைவர், பின்னால் மலை மாதிரி குப்பை. ஊரே சிரித்தது. மதியமே லாரி வந்து அள்ளியது.

முந்தின நாள் கேக் வெட்டும்போது, என்னை வாழ்த்து பேனரைத் தூக்கிப் பிடித்துக் குப்பையை மறைக்கச் சொன்னார் தலைவரின் மச்சான். நான் பிடிக்கவில்லை.