எதிரே நிற்பவன் உடம்பு

சிவக்கொழுந்தின் வாய் சும்மா வாய் இல்லை. பஸ் கண்டக்டராக ஊரையே அதட்டி ஏற்றி இறக்கிய வாய். அந்த வேலையை விட்டுவிட்டு, ஐம்பது தாண்டிய வயதில், தன்னைவிட இளையவரான சித்த மருத்துவர் மங்கையர்க்கரசியிடம் மருத்துவம் படிக்க வந்து சேர்ந்தார்.

வைத்தியசாலைச் சுவரில் ஆளுயரப் படம் ஒன்று தொங்கியது. தோலைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் காட்டியபடி நிற்கும் ஒரு மனிதன். அந்தப் படம் என்றால் சிவக்கொழுந்துக்கு உயிர். வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தி, குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்குவார்.

"இதோ பாருங்க, கல்லீரல். நீங்க ஊத்துற ஒவ்வொரு சொட்டையும் இதுதான் ஒத்த ஆளா நின்னு கழுவணும். பாவம்ங்க, வாயில்லாப் பூச்சி!"

கேட்டவர்கள் ஆடிப்போவார்கள். கொத்தனார் வேலாயுதம் அந்த ஒரு பேச்சிலேயே குடியை விட்டான். அவன் பெண்டாட்டி நேரில் வந்து சிவக்கொழுந்தைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஆனால் பொழுது சாய்ந்தால் சிவக்கொழுந்தின் கால் தானாக மதுக்கடைப் பக்கம் திரும்பும். அதுதான் வெட்கக்கேடு.

கூத்தாநல்லூரில் மங்கையர்க்கரசி இன்னொரு வைத்தியசாலை திறக்க இருந்தார். அதைத் தன்னிடம்தான் ஒப்படைப்பார் என்று சிவக்கொழுந்து நம்பிக்கொண்டிருந்தார். வீட்டிலும் சொல்லி வைத்துவிட்டார். அவரோ அந்தப் பேச்சையே எடுக்கிற வழியாக இல்லை. ஒருநாள் காலையில் கேட்டேவிட்டார்.

"அம்மா, கூத்தாநல்லூர் விஷயம்..."

"ம்."

"என்கிட்ட என்ன குறைன்னு சொல்லிடுங்கம்மா. எலும்பு, நரம்பு, எது வேணா கேளுங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

மங்கையர்க்கரசி மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"குறை என்னன்னு நீங்களே சொல்லுங்களேண்ணே."

சிவக்கொழுந்துக்குச் சுருக்கென்றது. தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நேத்தும் குடிச்சேம்மா. நான் சொன்னா ஊரே கேக்குது. சொல்ற எனக்கு மட்டும் ஏன் ஒட்ட மாட்டேங்குது? இத்தனை படிச்சும்?"



மங்கையர்க்கரசி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"கண்ணை மூடுங்க."

மூடினார்.

"உங்க கல்லீரல் மேல கையை வைங்க."

அட, இதெல்லாம் ஒரு கேள்வியா! சட்டென்று வைத்தார். இடது விலாவுக்குக் கீழே.

"அங்கயா?"

"படத்துல இந்தப் பக்கம்தானேம்மா..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். படத்து மனிதன் அவரைப் பார்த்து நிற்பவன். அவனுடைய வலது, பார்க்கிறவருக்கு இடது. எதிரே நிற்கிற ஆளைத் தொடும்போது இந்தக் கை ஒருநாளும் தவறியதில்லை.

"ஐயையோ, மானம் போச்சே!"

மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை.

"பெஞ்சில படுங்க. முழங்காலை மடக்கிக்குங்க. நோயாளிக்குப் பாக்கிற மாதிரியே வலது விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி, மூச்சை நல்லா இழுங்க."

இழுத்தார். மூச்சு உள்ளே இறங்கியதும், விலா எலும்புக்கு வெகு கீழே ஏதோ வந்து விரலில் இடித்தது. கெட்டியான ஒரு விளிம்பு. மறுபடி இழுத்தார். மறுபடி இடித்தது. எத்தனையோ பேர் வயிற்றில் இதைத் தொட்டுவிட்டு அவர்களைத் திட்டித் தீர்த்தவர் அவர். இது இவ்வளவு கீழே வரக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயமாகத்தான் இருந்தது. கூடவே, இத்தனை வருஷமும் தன் கொடுமையைத் தாங்கிக்கொண்டு இது உள்ளே கிடந்திருக்கிறதே என்று இரக்கமும் வந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

"அம்மா... வீங்கியிருக்கு."

"ஆமாண்ணே."

"சரியாகுமா?"

"இப்பவே விட்டா சரியாக வழியிருக்கு. நீங்க எல்லாருக்கும் சொல்றதுதானே."

சிவக்கொழுந்து மேலே கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"அப்போ கூத்தாநல்லூர் எனக்கு இல்லை. அப்படித்தானேம்மா?"

மங்கையர்க்கரசி திரும்பிப் போய் மருந்தின் முன்னால் உட்கார்ந்தார்.

"உங்க முதல் நோயாளி பெஞ்சில படுத்திருக்கார். அவரைக் குணமாக்கிட்டு வாங்கண்ணே, சாவி தர்றேன்."