நெல் அளக்கும் முதல் சொல்

முன்னொரு காலத்தில், நெல் அளக்கும் குரல் கேட்டுக் கண்விழிக்கும் தலைநகரம் ஒன்று இருந்தது. அதை ஆண்ட ராஜாவுக்குச் சிரிக்காமல் சோறு இறங்காது. அதனால் விகடர் அம்பலவரைத் தன் பக்கத்திலேயே வைத்திருந்தார். பொன் கேட்டால் பொன் கொடுப்பார், பட்டுக் கேட்டால் பட்டு. விடுப்பு மட்டும் கேட்கக் கூடாது.

அம்பலவருக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான். கடலோரத்து உப்பளக் கிராமத்தில் அவர் மனைவி வடிவு இருந்தாள். கண் தெரியாத தகப்பனை விட்டு அவளால் வர முடியாது. ராஜாவை விட்டு இவரால் போக முடியாது. ஆறு வருடம் இப்படியே ஓடிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை உப்பு வண்டிக்காரர்கள் வரும்போது ஒரு சிறு துணி முடிப்புக் கொடுத்தனுப்புவாள். அதற்குள் குன்றிமணிகள் இருக்கும், அமாவாசைக்கு ஒன்றாக. ஆறு முடிப்பும் சேர்ந்து எழுபத்திரண்டு மணிகள்.

அந்த வருடத்து முடிப்பைக் கொடுத்த வண்டிக்காரன் தலையைச் சொறிந்தான்.

"குன்றிக்கொடி காஞ்சு போச்சாம். இனிமே எண்ணுறதுக்கு மணி இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க."

"வேற என்ன சொன்னா?"

"வேற ஒண்ணுமில்லைன்னாங்க. வண்டி இன்னும் நாலு நாள்ல திரும்புது சாமி."

அம்பலவர் அன்று முழுக்க ஒரு விகடமும் சொல்லவில்லை. சபையில் அவர் வாய் திறந்தாலே சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் காத்திருந்து களைத்துப் போனார்கள்.

மறுநாள் காலை ராஜா அரண்மனைக் களஞ்சியத்தின் பக்கம் உலாவப் போனார். அம்பலவரும் பொக்கிஷதார் திரியம்பகரும் பின்னால் போனார்கள். அங்கே மாயழகு என்ற கிழவர் மரக்காலால் நெல்லை அளந்துகொண்டிருந்தார்.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

ராஜா நின்றுவிட்டார். "ஒன்று எங்கே போயிற்று?"

கிழவர் மரக்காலைக் கீழே வைத்துக் கும்பிட்டார். "முதல் மரக்காலுக்கு அப்படித்தான் சொல்லணும் மகாராஜா. எங்க பாட்டன் காலத்துல இருந்து அப்படித்தான். ஒண்ணுங்கிறது ஒத்தையா நிக்கிற சொல்லு. அதைச் சொல்லி ஆரம்பிச்சா குவியலும் ஒத்தையாவே நின்னுபோயிரும்."

"அப்படிச் சொன்னதால் உனக்கு லாபம் வந்ததா?"

"வந்தா நான் ஏன் இன்னும் அளந்துக்கிட்டு இருக்கேன்? வந்ததைச் சொல்றதில்லை மகாராஜா. வரணும்னு ஏங்கிச் சொல்றது."

அம்பலவர் கிழவரை நிமிர்ந்து பார்த்தார். வடிவும் தினமும் உலைக்கு அரிசி அளக்கும்போது அந்தச் சொல்லைத்தான் சொல்வாள். இவருக்கும் சேர்த்து அளந்த காலத்தில் சொன்னாள். இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள்.

திரியம்பகர் முன்னால் வந்தார். அம்பலவர் மேல் அவருக்கு நெடுநாள் எரிச்சல். தான் வருடம் முழுக்க உழைத்துப் பெறும் பரிசை இவர் ஒரு வாய்ப்பேச்சில் வாங்கிப் போகிறாரே என்ற எரிச்சல்.

"மகாராஜா! கடைவீதியில் நாள் முழுக்க இதே சத்தம்தான். லாபம், லாபம் என்று கத்துகிறவர்கள் அரசுக்குப் பங்கு தர வேண்டாமா? நம் நாட்டில் எவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தாலும் ஒரு பணம் வரி என்று கட்டளையிடுங்கள். வசூலிக்கும் பொறுப்பை நம் விகடருக்கே கொடுக்கலாம். கூர்மையான காது அவருக்கு."

ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. "அம்பலவா, மூன்று நாள் தருகிறேன். ஐம்பது பணம் சேர்த்தால் கேட்டதைத் தருவேன்."

"விடுப்புக் கேட்டாலுமா, மகாராஜா?"

ராஜா சற்றுத் தயங்கினார். "கேட்டாலும். ஆனால் ஒரு பணம் குறைந்தாலும் இந்த ஜன்மத்தில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

முரசு அறையப்பட்டது. அதற்கு முன்பே திரியம்பகரின் ஆட்கள் கடை கடையாகப் போய், வாயைக் கட்டிக்கொள்ளும்படி வியாபாரிகளை எச்சரித்துவிட்டார்கள். விகடர் வெறும் பெட்டியோடு திரும்பவேண்டும் என்பதுதான் பொக்கிஷதாரின் எண்ணம்.

ஆனால் அவர் எதிர்பாராதது ஒன்று நடந்தது. முதல் மரக்காலுக்கு அந்தச் சொல்லைச் சொன்னால் ஒரு பணம் போகும். ஒன்று என்று சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை. சொல்லாமல் அளந்தால் வாங்குகிறவர்கள் முகம் சுளித்தார்கள். ஆகவே யாருமே அளக்கவில்லை. கடைகள் திறந்திருந்தன, குவியல்கள் இருந்தன, மரக்கால்கள் கவிழ்ந்து கிடந்தன. ஊரே துக்க வீடு போல ஆயிற்று.

அம்பலவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீதி வீதியாக நடந்தார். இரண்டாம் நாள் மாலை, வரகு விற்கும் ஒரு பெண்பிள்ளை பசித்த பிள்ளைக்காரி ஒருத்திக்கு இரங்கி மரக்காலை எடுத்துவிட்டாள்.

"லாப..." என்றவள், எதிரே பெட்டியோடு நின்றவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள் கலங்கிவிட்டன. அவள் கடை முழுவதும் விற்றாலே இரண்டு பணம்தான் தேறும்.

"சத்தியமா வாய் தவறிருச்சுங்க..."

அம்பலவர் காதைக் குடைந்தார். "என்ன தங்கச்சி சொன்னே? குளிர் காத்து அடிச்சா இந்தக் காது அடைச்சுக்கும்."

அவள் மறுபடி வாய் திறக்கப் போனாள். பிள்ளைக்காரி அவள் முழங்கையில் இடித்தாள். "அளந்து போடு அக்கா, அவருதான் செவிடுங்கிறாரே."

அவர் நடந்துவிட்டார். பெட்டியில் ஒரு பணம்கூட விழவில்லை. உப்பு வண்டிகளுக்கு அச்சாணி மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு சபைக்குப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். மூன்று நாளும் காலையிலும் மாலையிலும் அவர் சபைக்கு வரத் தவறவில்லை. ஒரு கை எப்போதும் மடியில் இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் அரண்மனையிலும் உலை ஏறவில்லை. மாயழகு மரக்காலைத் தொட மறுத்துவிட்டார். இரண்டு வாழைப்பழத்தோடு ராஜா சபைக்கு வந்தார். முகம் சிறுத்திருந்தது.

திரியம்பகர் பெட்டியைத் திறந்து கவிழ்த்துக் காட்டினார். "பாருங்கள் மகாராஜா! வெறும் பெட்டி. லாபம் லாபம் என்று ஊரே கத்திய நாட்டில் ஒரு பணம் வசூலிக்கத் துப்பில்லை இவருக்கு!"

"உன் பதில் என்ன, அம்பலவா?"

அம்பலவர் எழுந்து இடது மடியிலிருந்த முடிப்பைப் பிரித்தார். அது காலி. வலது மடியிலிருந்ததைப் பிரித்து, சிவந்த மணிகளை ராஜாவின் காலடியில் கொட்டினார்.

"கட்டளைப்படி எண்ணிவிட்டேன், மகாராஜா. அந்தச் சொல் வாயிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு மணியை இடமிருந்து வலத்துக்கு மாற்றினேன். ஊருக்குள் அது செத்துப்போயிற்று. இந்த மண்டபத்தில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மூன்று நாளாக இங்கே வேறு பேச்சே இல்லையே! பொக்கிஷதார் வாயிலிருந்து நாற்பத்து மூன்று. மற்ற பெரியவர்கள் பதினெட்டு. மகாராஜா..." சற்று நிறுத்தினார். "மகாராஜா பதினொன்று. ஆக எழுபத்திரண்டு பணம் பெட்டிக்கு வரவேண்டும்."

திரியம்பகர் துள்ளினார். "அக்கிரமம்! நான் லாபத்தைப் பற்றிப் பேசினேனே தவிர, லாபம் அடைந்தேனா? எனக்கு ஏது லாபம்?"

"மாயழகும் அடையவில்லையே ஐயா. கட்டளை தேடியது பலன் கண்டவரை அல்ல, வாயைத்தான். சொல் உங்களுடையது." அம்பலவர் காலி முடிப்பை உதறிக் காட்டினார். "இப்போது மூன்று முறை சொன்னீர்கள். என்னிடம் மணி தீர்ந்துவிட்டது, பிழைத்துப் போங்கள்."

ராஜா தன் பதினொன்றை விரல்விட்டு நினைத்துப் பார்த்தார். மீசை துடித்தது. பிறகு சிரித்தார். வாழைப்பழம் கையிலிருந்து விழும் அளவுக்குச் சிரித்தார். தன் பதினொரு பணத்தை முதல் ஆளாகப் பெட்டியில் போட்டார். மற்ற பெரியவர்களும் தங்கள் பங்கைப் போட்டார்கள். திரியம்பகர் மோதிரத்தைக் கழற்றித் தன் பாக்கியைத் தீர்த்தார்.

சிரிப்பு ஓய்ந்ததும் ராஜா தரையில் கிடந்த மணிகளைப் பார்த்தார்.

"இவை எங்கே கிடைத்தன?"

"வடிவு அனுப்பியது, மகாராஜா. நான் இல்லாத அமாவாசைகள்."

ராஜா குனிந்து ஒரு மணியைத் தானே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "போய் வா. திரும்பி வரும் நாளை நான் கேட்கமாட்டேன். பெட்டி உனக்குத்தான். ஒரு வண்டி நெல்லும் ஏற்றிக்கொள். பொழுது சாய்ந்ததும் கட்டளையும் ரத்து."

"பொழுது சாய இன்னும் இரண்டு நாழிகை இருக்கிறதே, மகாராஜா. உப்பு வண்டிகள் காத்திருக்காது."

எல்லோரும் களஞ்சியத்துக்குப் போனார்கள். மாயழகு மரக்காலை நிரப்பிக் கையில் பிடித்தபடி நின்றார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. இன்னும் வெயில் இருந்தது.

மூன்று நாளாக அம்பலவரும் அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை. இடுப்பிலிருந்து சொந்தப் பணம் ஒன்றை எடுத்தார். பெட்டிக்குள் போட்டார். அது விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கடல் இருந்த திசையைப் பார்த்து, "லாபம்" என்றார்.

ராஜா மறுபடி சிரித்தார். இந்தத் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மாயழகு மரக்காலைக் கோணியில் கவிழ்த்து, அடுத்ததற்குக் குனிந்தார்.

"ரெண்டு..."