வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனவள்

இஸ்மத் வீடியோ கேமுக்குள் நகரங்களைக் கட்டுபவள். அவள் கட்டிய நகரத்தில் யாரையும் அடிக்கலாம். எந்த வண்டியையும் திருடலாம். போலீஸ் துரத்தினால் ஓடலாம். அவளுக்கு வயது முப்பது.

அவளிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த செண்பகவல்லிக்கு அறுபது. பெண்கள் சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவள். விளையாட்டில் வரும் ஜெயிலுக்காக, காவலர்கள் எப்படி நடப்பார்கள், எப்படி அதட்டுவார்கள் என்று சொல்லித் தரத்தான் அழைத்திருந்தார்கள். வந்தவள் இந்த வேலையைத் தானும் கற்கிறேன் என்று தங்கிவிட்டாள்.

ஒரு நாள் பிற்பகல் திடீரென்று எழுந்தாள்.

"நான் கிளம்பறேன் டீச்சர். இனிமே வரல."

"ஏம்மா?"

"மரியபுஷ்பம்னு ஒருத்தி. ஆட்டோ திருடிட்டு உள்ளே வந்தா. பிள்ளை பேரைச் சொல்லிச் சொல்லி அழுவா. அவ செஞ்சதை இங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே செய்யறாங்க. இதுல அப்படி என்ன இருக்கு?"

இஸ்மத் பழைய விளையாட்டு ஒன்றைத் திரையில் போட்டாள். வானத்திலிருந்து பார்ப்பதுபோல் ஒரு தெரு. மனிதர்கள் வெறும் புள்ளிகள். வண்டி மேலே ஏறியதும் புள்ளி சிவந்து அணைந்தது.

"ஆரம்பத்துல இப்படித்தான்."

அடுத்ததைப் போட்டாள். பார்வை தெருவுக்கு இறங்கியிருந்தது. புள்ளிகளுக்கு முகம் வந்திருந்தது. அதற்கடுத்ததில் மழை பெய்தது. ஜனங்கள் குடை விரித்தார்கள். ஒருத்தி போனில் யாரையோ திட்டிக்கொண்டே போனாள்.

கடைசியாகத் தன் நகரத்தைத் திறந்து, கன்ட்ரோலரைச் செண்பகவல்லியின் கையில் கொடுத்தாள்.

"எங்க போகணும்?"

"எங்க வேணும்னாலும் போங்க."

அப்படி அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

சிக்னலில் நின்ற நீலக் காரின் கதவைத் திறந்தாள். உள்ளே கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர். அவரை இழுத்துக் கீழே விட்டாள். அவர் கத்தினார். அவள் போய்விட்டாள்.

பாலம் வந்தது. பாலத்துக்கு அப்புறம் கடல். கடலோரமாகவே சாலை நீண்டது. பிறகு மலை. மேகம் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. கீழே, தூரத்தில், நகரம் ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டிருந்தது. மணி அடிக்கவில்லை. யாரும் பூட்டவில்லை, யாரையும் பூட்டவேண்டியும் இல்லை. நாற்காலியில் இருப்பதே மறந்து, வளைவு வந்தபோதெல்லாம் செண்பகவல்லி உடம்பைச் சாய்த்தாள்.

வெகுநேரம் கழித்து வண்டியைத் திருப்பினாள். அதே சிக்னல். இறங்கினாள். டீக்கடைக்குள் பார்த்தாள். சந்துக்குள் பார்த்தாள்.

"டீச்சர், அந்த ஆளைக் காணோம்."

"எந்த ஆள்?"

"கட்டம்போட்ட சட்டை. வண்டியைத் திருப்பிக் கொடுக்கணும்."

இஸ்மத் அவளையே பார்த்தாள். எத்தனையோ பேர் இந்த நகரத்தில் விளையாடியிருக்கிறார்கள். அவரைத் தேடி யாரும் வந்ததில்லை.

"அவர் இல்லம்மா. நீங்க தெருமுனை திரும்பினதுமே அழிஞ்சுட்டார். கண்ணுல படாதவங்களை இந்த ஊர் வெச்சுக்காது."

"வீட்டுக்குப் போயிருப்பார்னு நினைச்சேன்."

"வீடு இல்ல."

"பொண்டாட்டி, பிள்ளை?"

"இல்ல."

செண்பகவல்லி திரையைப் பார்த்தபடி இருந்தாள். கதவு திறந்தபடி நீலக் கார் நின்றது.

"அப்ப நான் யாரோட வண்டியைத் திருடினேன்?"

இஸ்மத் நகரத்தின் வரைபடத்தைத் திரையில் விரித்தாள். தன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவருக்கு வீடு எந்தத் தெருவுல வைக்கலாம்? நீங்க சொல்லுங்கம்மா."