பசியில்லாத விரால்

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்தொன்று. குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவைத் தம்பி என்பார். தூண்டில் விஷயத்தில் வயது செல்லாது என்பதை இருவருமே ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

குருவின் பெயர் மாசானமுத்து. பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை, குளத்துக்கு வேலை நாள். சீடர் பிறவிப்பெருமாள், ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர். முப்பத்தைந்து வருஷம் ஊரைக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவர்.

மாசானமுத்து மண்புழு கோர்ப்பதில்லை. விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் மீன்தான் அவருக்கு இரை. தண்ணீருக்குள் இழுத்தால் அதன் வால் இடமும் வலமும் ஆடும். நிஜ மீன் என்று நம்பி விரால் பாயும். சீடர் ஏழு வாரமாக அதை வீசி வீசி இழுக்கிறார். ஒரு விரால்கூட ஏமாறவில்லை. ஏமாந்தது இவர் ஒருத்தர்தான் என்று வீட்டில் பேச்சு.

அது ஐப்பசி மாதம். குளம் நிறைந்து கிடந்தது. காலை பத்து மணி வாக்கில் சீடர் மெல்லக் கேட்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருப்போமா தம்பி?"

"மத்தியானச் சாப்பாடு?"

"பிஸ்கட் கொண்டாந்திருக்கேன்."

பிஸ்கட்டுக்குப் பயந்த மனுஷர் அவர். சர்க்கரை இருக்கிறது. மாசானமுத்து ரீலைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"வீட்ல என்ன அண்ணாச்சி?"

"கோமதி வாறா. அந்தப் பையனையும் கூட்டிட்டு வாறா. பன்னெண்டரைக்குச் சாப்பாடு."

கோமதி அவருடைய ஒரே மகள். பெங்களூரில் வேலை. எட்வின் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லி, ஆவணியில் அவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். பிறவிப்பெருமாள் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பூர்வீகம் எது, அப்பா என்ன செய்கிறார், வாடகை வீடா என்று இருபது நிமிஷம் நிற்க வைத்து விசாரித்தார். பையன் எல்லாவற்றுக்கும் தணிவாகப் பதில் சொன்னான். கடைசியில் இவர், "வாசல் அந்தப் பக்கம்" என்று கையை நீட்டினார். காப்பி அப்படியே இருந்தது. அவன் பின்னாலேயே கோமதியும் போய்விட்டாள்.

இரண்டு மாதமாக அவள் அப்பாவிடம் பேசவில்லை. நேற்று அம்மாவிடம் போனில் சொன்னாள். அப்பா வீட்டில் இருந்தால் உட்கார்ந்து சாப்பிடுவோம், இல்லையென்றால் இனிமேல் அந்த வாசல்படி ஏறமாட்டோம் என்று.

மாசானமுத்து கேட்டார். "அந்தப் பையன் மரியாதக் கொறைவாப் பேசினானா?"

"இல்ல."

"ஆளு மோசமா?"

"நல்ல பையன் மாதிரிதான் தெரிஞ்சான்."

"பொறவு?"

"அதான் தம்பி எனக்கே தெரியல. அவனப் பாத்ததும் எதுக்கு அப்படிக் கடிச்சுக் கொதறினேன்? நீ சொல்லு."

குரு சீடரின் ரப்பர் மீனிலிருந்து கொக்கியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வெறும் ரப்பர் மீனைத் தூண்டில் நரம்பில் கட்டினார்.

"கொக்கி இல்லாம எப்படிச் சிக்கும்?"

"சிக்காண்டாம். வாங்க."

மடையைத் தாண்டி ஒரு மூலை உண்டு. போன இரண்டு ஞாயிறும் குரு அந்த இடத்தில் வீசாமலே கடந்து போயிருந்தார். இன்று அங்கே நின்றார். தாமரை இலைகளுக்கு இடையில் ஒரு சுளகு அகலத்துக்குத் தண்ணீர் சிவப்பாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தச் செவப்புக்கு அங்கிட்டு வீசுங்க. அது ஊடால மெதுவா இழுங்க."

சீடர் வீசினார். இழுத்தார். ரப்பர் மீன் வாலை ஆட்டிக்கொண்டு சிவப்பைத் தொடுவதற்குள் தண்ணீர் படாரென்று வெடித்தது. தூண்டில் கம்பு வளைந்து, சட்டென்று நிமிர்ந்தது.

"கடிச்சிட்டு. ஏ தம்பி, கடிச்சிட்டு பாத்தியா?"

ஏழு வாரத்தில் முதல் கடி. மனுஷருக்கு வாயெல்லாம் பல். அந்த முகத்தைப் பார்க்க மாசானமுத்துவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இன்னொரு தடவை வீசச் சொன்னார். இரண்டாவது தடவை இன்னும் மூர்க்கமாக அடித்தது. மூன்றாவதற்குச் சீடர் கையை ஓங்கியபோது குரு கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"போதும். பாவம் அது."

"எம்புட்டுப் பசி இருந்தா இப்படிப் பாயும்."

"பசியா அண்ணாச்சி? பசின்னா முழுங்கணும்லா. ரெண்டு வாட்டியும் துப்பிட்டுல்லா."

சீடர் வேட்டியை மடித்துக் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். சிவப்பாகத் தெரிந்தது தண்ணீர் இல்லை. குஞ்சுகள், நூல் கனத்தில் நூற்றுக்கணக்கில். மூச்சு வாங்க மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தன. அதற்கு அடியில் முழங்கை தடிமனில் ஒரு கறுத்த முதுகு அசையாமல் நின்றது.

"காவலா நிக்கி?"

"ஆமா. தகப்பன் மீனா இருக்கும். ரெண்டு வாரமா நானும் பாக்கேன், இந்த எடத்த விட்டு நகரல. ஒழுங்காத் திங்கவும் இல்ல."

சீடர் ரப்பர் மீனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வாலைக் காணோம். முதுகில் வரிசையாகப் பல் தடம்.

"இதுக்குப் பல்லு கெடையாது, ஒண்ணும் கெடையாது. அது பாட்டுக்கு வாலை ஆட்டிட்டு வந்துச்சு. இதப் போயி..."

பாதியில் நிறுத்திவிட்டார். மாசானமுத்து கரையில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"தம்பி."

"சொல்லுங்க."

"குஞ்சு பெருசாயிட்டுன்னு அதுக்கு யாரு சொல்லுவா?"

"யாரும் சொல்லாண்டாம். செவப்பு மாறிக் கறுப்பாகும். ஒருநா அதுகளாப் பிரிஞ்சு போகும். இது கொஞ்ச தூரம் பின்னாலயே போயிப் பாக்கும். பொறவு திரும்பிரும்."

"திரும்பி?"

"இத்தன நாளு பசி இருக்கும்லா. சாப்பிடும்."

சீடர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோமதிக்கு வயசு என்ன அண்ணாச்சி?"

"இருபத்தெட்டு" என்றார் சீடர். மகளின் வயதை அவர் இதுவரை விண்ணப்பங்களில்தான் எழுதியிருக்கிறார், வாய்விட்டுச் சொன்னதில்லை.

மணி பதினொன்றே கால். சீடர் எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டார். ஸ்கூட்டர் வரைக்கும் போனார். ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். பிறகு இறங்கி, கரைச்சரிவில் வழுக்கி வழுக்கித் திரும்பி வந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"எதுக்க ஒரு ஆளு உக்காந்தா எனக்குக் கேள்வி கேக்கத்தான் தெரியும் தம்பி. வேற ஒண்ணும் தெரியாது. நான் அவன்கிட்ட என்னத்தக் கேக்க?"

மாசானமுத்து இப்போதுதான் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமான்னு கேளுங்க அண்ணாச்சி."