ஓசையில்லாத முரசு

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில், யாராவது கேள்வி கேட்டால் தலைவலி வந்துவிடும் அரசன் ஒருவன் இருந்தான். அரண்மனைப் பிள்ளைகளுக்கு வானநூல் கற்பிக்க அவன் நியமித்தது விகடகவி வெண்காடனை. அதில் அரண்மனைச் சோதிடர் திரியம்பகருக்கு வயிற்றெரிச்சல்.

"அரசே, வெண்காடன் பிள்ளைகளைக் கெடுக்கிறான். சூரியனை விழுங்கும் பாம்பை நம் முரசுதான் விரட்டுகிறது என்றேன். முரசு அடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று தளபதியின் மகள் கேட்கிறாள்."

அரசன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"வெண்காடா, நாளை கிரகணம். உன் பிள்ளைகளே முரசு அடிக்கட்டும். சூரியன் வெளிவரும்வரை நிறுத்தக்கூடாது. முற்றத்தில் யாராவது கேள்வி கேட்டால், கேட்டவர் நாட்டைவிட்டுப் போக வேண்டும். நீயும் கூடப் போ."

"உத்தரவு, அரசே."

மறுநாள் பிள்ளைகள் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று முரசை அடித்தார்கள். ஓசையே இல்லை. ஒவ்வொரு கோலின் நுனியிலும் பூசணிக்காய் அளவுக்குப் பஞ்சு.

வெளிச்சம் மங்கியது. காகங்கள் கூட்டுக்குத் திரும்பின. புன்னைமர நிழலில் வட்டமாய்க் கிடந்த வெயில் பொட்டுகள் பிறைகளாயின.

திரியம்பகர் பதறி ஓடிவந்தார். "ஓசை இல்லாமல் பாம்பு போகாது, அரசே. இன்று சூரியன் வராது. இது என் வாக்கு."

"அடிக்கச் சொன்னீர்கள், அடிக்கிறார்கள். ஓசையைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை," என்றான் வெண்காடன்.

"சூரியன் வராவிட்டால் உன் தலை இருக்காது," என்றான் அரசன்.

"இருட்டில் தேடி வெட்டுவது சிரமம், அரசே. விளக்கு கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்."

பிள்ளைகள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். தரையில் கிடந்த பிறைகள் மெல்லப் பருத்தன. மீண்டும் வட்டங்களாயின. முற்றமெங்கும் வெயில்.

அரசன் வாய்விட்டுக் கேட்டான்: "அப்படியென்றால் பாம்பை விரட்டியது யார்?"

பிள்ளைகளின் கைகள் நின்றன. வெண்காடன் வணங்கினான்.

"பல்லக்கைத் தயார் செய்யச் சொல்கிறேன், அரசே. கேட்டவர் போக வேண்டும். நானும் கூட வர வேண்டும்."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உத்தரவை அங்கேயே ரத்து செய்தான். சோதிடருக்கென்று வைத்திருந்த பட்டுச் சால்வையை எடுத்து வெண்காடனுக்குப் போர்த்தினான்.

தளபதியின் மகள் பூங்கோதை முன்னால் வந்தாள்.

"மகாராஜா, இப்போ நான் கேட்கலாமா? சூரிய கிரகணம் ஏன் எப்பவும் அமாவாசை அன்னிக்கே வருது?"

அரசன் திரியம்பகரைப் பார்த்தான். திரியம்பகர் புன்னைமரத்தைப் பார்த்தார்.

அரசன் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தான்.

"இன்னொரு முறை சொல், அம்மா," என்றான்.