ஆடாத கல்லும் உருளாத கட்டையும்

மருதமரக் காட்டில், ஆறு வளைந்து மடுவாகத் தேங்கும் இடத்தில், சுழியன் என்றொரு நீர்நாய் இருந்தான். சும்மா இருக்கத் தெரியாத பிறவி! மீனைப் பிடித்துத் தின்ற கையோடு எதையாவது உருட்டுவான், எதையாவது அடுக்குவான். அப்படி உருட்டி அடுக்கியே ஒரு விளையாட்டைக் கட்டிவிட்டான்.

முதலில் மடுவைக் கல் கல்லாய்த் தாண்ட வேண்டும். அதில் ஒரு கல் ஆடும். எந்தக் கல் என்று சொல்லமாட்டான். அடுத்தது முட்புதர். உள்ளே நுழையப் பல வழி உண்டு. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். கடைசியில் ஒரு சேற்றுக் குழி, அதன் குறுக்கே ஒரு மரக்கட்டை. அக்கரையில் நாவல்பழக் கொத்து கறுகறுவென்று தொங்கும். பழத்தைக் கண்டதும் அவசரம் வரும். அவசரப்பட்டால் கட்டை உருளும். உருண்டால் சேறுதான்!

சுழியன் இதையெல்லாம் ஒரு சத்தத்துக்காகத்தான் கட்டினான். தலையைப் பிய்த்துக்கொண்டு நிற்கும் ஒரு விலங்குக்குச் சட்டென்று விஷயம் பிடிபடும் பாருங்கள், அப்போது வாயிலிருந்து தானாக வரும்: "அட!" அது காதில் விழுந்துவிட்டால் போதும், சுழியனுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

காட்டெருமை கொம்பாயி தினமும் வருவாள், தினமும் சேற்றில் விழுவாள். "நாசமாப் போற கட்டை! இதெல்லாம் ஒரு விளையாட்டாடா?" என்று மூக்கு நுனிவரை சேற்றோடு திட்டுவாள். மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து நிற்பதும் அவள்தான்!

ஒருநாள் அவள் சொன்னாள்: "தம்பி, நான் மலைக்கு மேயப் போறேன். திரும்பி வந்து உன் கட்டையை ஒரு கை பாக்கறேன், இரு!"

"தாராளமா வாங்கக்கா! கட்டை எங்கேயும் ஓடிடாது," என்று சிரித்தான் சுழியன்.

அவள் போன பிறகுதான் மைனா பவளம் வந்தாள். அவள் வாயில் எதுவும் தங்காது. விளையாட்டைப் பார்த்தாளோ இல்லையோ, காடு காடாகப் பறந்து சொல்லிவிட்டாள். அப்புறம் என்ன! மயில் வந்தது, குரங்குக் கூட்டம் வந்தது, கரடி வந்தது, பக்கத்துக் காட்டு யானைகூட வந்துவிட்டது. மடுக்கரையில் கால் வைக்க இடமில்லை.

"கூட்டத்தைப் பாத்தியா சுழியா! நீ எங்கேயோ போகப் போறே!" என்று பவளம் குதித்தாள்.

சுழியனுக்கும் தலைகால் புரியவில்லை.

மயில் தோகையிலிருந்து தண்ணீரை உதறிக்கொண்டு வந்தது. "என்னய்யா கல் இது? என் தோகை என்னாகிறது!"

"கூட்டம் கோச்சுக்கப் போகுது. அந்தக் கல்லை இறுக்கி வச்சிடு!" என்றாள் பவளம். சுழியன் இறுக்கி வைத்தான்.

குரங்குகள் புதரிலிருந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து பல்லைக் காட்டின. "எவ்வளவு நேரம்தான் சுத்தறது?"

"வழியை நேராக்கிடு!" என்றாள் பவளம். நேராக்கினான்.

கடைசியாக யானை. பாவம், அது குறை சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தது. "தம்பி, எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கட்டை என் ஒரு காலுக்கே காணாதே?"

"கட்டையே வேண்டாம், குழியை மூடிடு! யாரும் தோக்கக் கூடாது, அப்பதான் எல்லாரும் வருவாங்க!" என்றாள் பவளம். சுழியன் ஒரு நிமிடம் தயங்கினான். கரையை நிறைத்து நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். குழியை மூடிவிட்டான்.

இப்போது விளையாட்டு எப்படி இருந்தது தெரியுமா? நேராக நடக்க வேண்டியது, நாலு அடிக்கொரு நாவல்பழம் தின்ன வேண்டியது, அவ்வளவுதான். கிளிகள் கிளையில் உட்கார்ந்து அடிக்கு அடி "சபாஷ்! சபாஷ்!" என்று கத்தின. கூட்டம் இன்னும் பெருகியது. ஆனால் போனவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார்கள். கரடி பாதி வழியில் படுத்துத் தூங்கியே போனது!

சுழியன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். சபாஷ் கேட்டது, கொட்டாவி கேட்டது, குறட்டையும் கேட்டது. "அட" மட்டும் கேட்கவில்லை. இத்தனை கூட்டத்துக்கு நடுவே அவனுக்கு அழுகை அழுகையாக வந்தது.

அந்தச் சமயம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் கொம்பாயி. கண்ணெல்லாம் மின்னுகிறது, கால் தரையில் நிற்கவில்லை! கல்லில் ஏறினாள், கல் ஆடவில்லை. புதரில் நுழைந்தாள், வெளியே வந்துவிட்டாள். கட்டை இருந்த இடத்துக்கு வந்து சட்டென்று நின்றாள்.

"கொம்பாயி ஜெயிச்சாச்சு! சபாஷ்!" என்று கிளிகள் கத்தின. பவளம் அவள் கொம்பில் ஒரு நாவல்கொத்தை மாட்டிவிட்டாள்.

"எங்கேடா என் கட்டை?" என்றாள் கொம்பாயி.

சுழியன் தலையைக் குனிந்தான். "எடுத்துட்டேன் அக்கா. நீங்க கூடத் திட்டினீங்களே..."

"திட்டினேன்! திட்டிட்டு மறுநாள் வரலையா நான்? புடிக்காத இடத்துக்கு எவளாவது தினம் வந்து விழுவாளாடா?" கட்டை கிடந்த இடத்தைக் காலால் உதைத்தாள். "மலையில புல்லு மேஞ்சேன்னா நினைச்சே? மேயும்போதும் கட்டை நினைப்புத்தான், தூங்கினாலும் கட்டை நினைப்புத்தான். ஒரு வழி கண்டுபிடிச்சு, மலை முழுக்க நடந்து பழகிட்டு ஓடி வந்திருக்கேன். இப்ப ஜெயிச்சாச்சுங்கறீங்க. நான் எங்கே ஜெயிச்சேன்?" கொம்பிலிருந்த கொத்தை உதறி எறிந்துவிட்டு, அத்தனை பெரிய உடம்பு குலுங்க அழுதாள்.

சுழியனுக்குச் சுருக்கென்றது. உடனே குழியைத் தோண்ட ஆரம்பித்தான்.

"ஐயையோ, கூட்டம் கலைஞ்சிடும்டா!" என்று அலறினாள் பவளம்.

"கலையட்டும் பவளம். வந்தவங்களுக்கு விளையாட்டுன்னு சொல்லி வெறும் பாதையைக் காட்டிட்டேன். இனிமே அது என்னால ஆகாது."

மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்கள், என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று நின்றார்கள். குழி நிறைய ஆற்றுத் தண்ணீர் வந்து சேறானது. கட்டை குறுக்கே விழுந்தது.

கொம்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டைமுன் வந்தாள். வந்தவள் திரும்பிப் பழத்துக்கு முதுகைக் காட்டினாள்! பின்னங்காலால் கட்டையைத் தடவித் தடவி, பின்பக்கமாகவே நடந்தாள்.

"பழத்தைப் பாத்தாத்தானே அவசரம் வரும்! பாக்காமலே போறேன்!" என்றாள்.

பாதி போனாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. 'ஆச்சுடா!' என்று ஒரு நொடி பெருமைப்பட்டாள். தொபுக்கடீர்! அத்தனை பேர் மேலும் சேறு! கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கரடி தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தது. கொம்பாயி எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

மறுபடியும் ஏறினாள். இந்தத் தடவை பெருமைப்படவில்லை. மெல்ல, மெல்ல... வாலில் நாவல் இலை உரசியது. அக்கரை!

"அட!" என்றாள் கொம்பாயி.

"அட!" என்றது மொத்தக் கூட்டமும். சுழியன் தண்ணீரில் குட்டிக்கரணம் போட்டான், நிறுத்தவே இல்லை!

அப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமா! "அடுத்தது நான்!" "இல்லை, நான்!" என்று ஒரே தள்ளுமுள்ளு. யானை மட்டும் ஓரமாய் நின்றது. சுழியன் அதனிடம் ஓடினான். "உங்க கால் பெரிசா இருந்தா அது உங்க தப்பா அண்ணே? காத்துல சாய்ஞ்ச மருதமரம் ஒண்ணு மேட்டுல கிடக்கு. இழுத்துட்டு வாங்க, உங்களுக்குன்னு பக்கத்துலயே போட்டுடலாம்."

"அதுவும் உருளுமா தம்பி?"

"ஜோரா உருளும் அண்ணே!"

யானை சந்தோஷமாகப் பிளிறிக்கொண்டு ஓடியது. அன்றைக்கே சுழியன் ஆடும் கல்லையும் புதர் வழிகளையும் பழையபடி ஆக்கிவிட்டான். மயிலும் மறுநாள் தோகையை நன்றாக மடக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றது. பவளம் பழையபடி காடு காடாகப் பறந்தாள்: "வாங்க, வாங்க! வந்து சேத்துல விழுங்க!"

எத்தனை பேர் வந்தாலும் வாசலை அகலமாக்கி வரவேற்கலாம், ஆனால் கூட்டத்துக்குப் பயந்து உள்ளே இருக்கும் சுவையை எடுத்துவிட்டால், வந்தவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் ஒன்றுமே மிஞ்சாது.