வாலைக் காட்டிய குதிரை

திருநெல்வேலி சதுரங்கப் போட்டியில் ஒன்பது வருஷமாய் அசைக்க முடியாத சாம்பியன் வைகுண்டராஜன். இறுதி ஆட்டத்தில் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தவன் டவுன் பஸ் கண்டக்டர் இசக்கி.

"தம்பி, எங்கிட்ட தொட்டா தொட்டதுதான். உன் காயைத் தொட்டா நகர்த்தணும், என் காயைத் தொட்டா வெட்டணும். போன வாரம் ஒரு டாக்டரையே நான் விடலை" என்றார் அவர்.

"சரிங்க அண்ணாச்சி" என்றான் இசக்கி. பேசிக்கொண்டே அவர் தன் குதிரைகளின் மூக்கை நூல் பிடித்தாற்போல் நேராக்குவதை அவன் கவனித்தான்.

முப்பதாவது நகர்த்தலில் இசக்கிக்கு மூச்சு முட்டியது. ஒரு குதிரையை அவருடைய ராணியின் வழியில் கொண்டுபோய் வைத்தான். வெட்டினால், பின்னால் நிற்கும் இசக்கியின் சிப்பாய் ராணியைத் தின்றுவிடும். அது அவருக்கும் தெரியும். ஆனால் குதிரை கோணலாக, அவருக்கு வாலைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவர் வேறு பக்கம் பார்த்தார். தண்ணீர் குடித்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் கையை நீட்டிக் குதிரையை நேராகத் திருப்பினார்.

"நடுவர் ஐயா, அண்ணாச்சி என் குதிரையைத் தொட்டுட்டாங்க!"

"கோணலா இருந்துச்சு, சரிசெஞ்சேன்!"

"தொடுறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார் நடுவர். "வெட்டுங்க."

வெட்ட ராணியை விட்டால் வேறு ஆளில்லை. ராணி போனது. பத்து நிமிஷத்தில் ஆட்டமும் போனது.

"ஏலே, உனக்குக் காயை நேரா வைக்கத் தெரியாதா?" என்று சீறினார் வைகுண்டராஜன்.

"இருபத்தொம்பது தடவை நேராத்தானே வச்சேன் அண்ணாச்சி. தோத்துக்கிட்டில்லா இருந்தேன்!"